எல்லப்பன் குடியிருக்கும் விலாசம்

ஆரணி
5-9-1999

நாயகிக் கண்ணுக்கு,

உன் தாய்மாமன் எல்லப்பன் எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அம்மா கற்பகம் அக்கா சுகம், அக்காவின் தறியும் சுகம். அங்கே நீயும், உன்னைக் கூப்பிட்டுப் படிக்க வைத்துக்கொண்டிருக்கிற ஜெர்மனி தேசமும் சுகமாக இருக்க வேண்டும் என்று படவேட்டு அம்மனிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நடந்தே போனேன். இதை நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவதால் அக்கா குறுக்கே பேசுகிறாள். பஸ்ஸில் போனது உண்மைதான். இறங்கிய இடத்திலிருந்து கோவில் வரை நடந்தேன்.

மாணவர் விடுதியில் உன் கெடு முடிந்துவிட்டது, ஒரு அம்மாவின் வீட்டில் அறை எடுத்துக்கொண்டு போகப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அக்காவுக்கு எழுத்து தெரியாததில் ஒரு சௌகரியம் இருக்கிறது. 'ஒரு அறை' என்று நீ எழுதியதை 'ஒரு வீடு' என்று படித்தேன். தெருக்கோடி போவதற்குள் அது மாடி வீடு ஆயிற்று. பஸ் நிலையத்தில் டீ குடிக்கும்போது தோட்டமும் சேர்ந்துகொண்டது. என் மேல் தப்பில்லை. கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்தால் தானாக வருகிறது.

அந்த ஊரில் குடிபோன ஒரு வாரத்துக்குள் அரசாங்க அலுவலகத்துக்குப் போய்ப் பெயரையும் விலாசத்தையும் பதிய வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அதையும் சொன்னேன். 'நம்ம பொண்ணு குடிவந்தத ஜெர்மனி சர்க்கார் நோட்டுல எழுதிக்கிறாங்க' என்றேன். நம் ஊரில் எத்தனை பேர் குடிவந்து குடிபோகிறார்கள், எந்த சர்க்கார் கேட்டது? அது ஒரு மரியாதை.

என் சேதியை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். தற்பெருமை எனக்குப் பிடிக்காது, அதனால் இதை மட்டும் அக்கா காதில் விழாமல் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு எழுதுகிறேன். வேணுகோபால் முதலாளியின் பட்டுக் கடையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தது போதும் என்று வெளியே வந்து தனிக்கடை போட்டுவிட்டேன். 'எல்லப்பன் சில்க்ஸ்'. நான் கிளம்பும்போது முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொந்த வீடும் அமைந்துவிட்டது. கொசப்பாளையம், புது நெசவாளர் தெரு, 14ஆம் எண். மொசைக் தரை. ஆகையால் எங்களைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல் படி. கடிதத்தை மட்டும் வழக்கம்போல அக்கா வீட்டுக்கே போடு. புது வீடு தபால்காரருக்கு இன்னும் பழகவில்லை.

உன் மாமா
எல்லப்பன்


ஹனோவர்
20-9-1999

அன்புள்ள மாமா,

கடை, வீடு எல்லாம் கேட்டு ரொம்ப சந்தோஷம். அம்மாவை ஒரு நாள் அந்த மொசைக் தரையில் படுக்க வையுங்கள். கோடைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

நான் அறைக்கு வந்துவிட்டேன். மூன்றாவது மாடி. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், ஒரு மேஜை. வீட்டுக்கார அம்மாவின் பெயர் லோரன்ஸ். எழுபது வயது. முப்பது வருஷம் டிராம் வண்டியில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். இப்போதும் யாரைப் பார்த்தாலும் டிக்கெட் இருக்கிறதா என்று கேட்பது போலத்தான் பார்க்கிறார்.

நீங்கள் ஊரில் சொன்ன 'மரியாதை' அப்படி ஒன்றும் இனிப்பானது இல்லை, மாமா. பதிவுப் படிவத்தில் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். இன்னார் என் வீட்டில்தான் இருக்கிறார் என்று அவர் உறுதி சொல்ல வேண்டும். நிறையப் பேர் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை கொடுக்கிறார்கள், கையெழுத்து மட்டும் போட மாட்டேன் என்கிறார்கள். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் வங்கியில் கணக்கு கிடையாது, விசா நீட்டிப்பு கிடையாது, படிப்பும் கிடையாது. ஏழு வீடு ஏறி இறங்கிய பிறகு லோரன்ஸ் அம்மா சம்மதித்தார். படிவத்தை மூன்று முறை படித்தார். 'ஒரு ஆள். ஒரே ஒரு ஆள். உறவு, நட்பு யாரும் இங்கே தங்கக் கூடாது' என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நமக்கு ஏது? அப்பா பெயரைக் கொடுத்துவிட்டேன். இப்போது இங்கே எல்லோருக்கும் நான் முருகேசன். லோரன்ஸ் அம்மா காலையில் கதவைத் தட்டி 'முருகேசன்' என்று கூப்பிடும்போது, அப்பா செத்துப் பதினாறு வருஷம் ஆகியும் யாரோ அவரைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

டிசம்பர் 31உடன் என் விசா முடிகிறது. நீட்டிக்கும் முன்னால் நான் நிஜமாகவே இந்த விலாசத்தில் இருக்கிறேனா என்று பார்ப்பார்களாம். சில சமயம் ஆள் அனுப்பித் தபால் பெட்டியில் பெயர் இருக்கிறதா என்று கூடப் பார்ப்பார்களாம். தப்பு ஒன்றும் செய்யவில்லை, ஆனாலும் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

நாயகி


ஆரணி
4-10-1999

நாயகிக் கண்ணுக்கு,

பயப்படாதே. பயப்படுவது என்பது நம் குடும்பத்தில் உன் அப்பாவோடு முடிந்துவிட்டது. நான் இருக்கிறேன்.

ஒரு வீட்டில் இருக்கிறோம் என்று நிரூபிப்பது எப்படி என்று ஜெர்மனிக்காரன் எனக்குச் சொல்லித் தரவேண்டியது இல்லை. எண்பத்து நாலில் உன் அம்மா நம் ஊர்ச் சைதாப்பேட்டைத் தெருவுக்குக் குடிவந்தபோது ரேஷன் கார்டு கொடுக்க மாட்டேன் என்று ஒரு இன்ஸ்பெக்டர் நின்றான். நீ இங்கே இருக்கிறாய் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பதினோரு அஞ்சலட்டை வாங்கி, பதினோரு பேரிடம் கொடுத்து, அக்கா பெயருக்கு அந்த விலாசம் போட்டு எழுத வைத்தேன். எல்லாம் முத்திரை குத்தி வந்து சேர்ந்தன. தபால்காரரே சாட்சி. அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி விசிறிக் காட்டியதும் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றான். நாற்காலியை எனக்குக் கொடுத்தான் என்றுகூட எழுதலாம், ஆனால் அக்கா பக்கத்தில் இருக்கிறாள். எட்டாம் வகுப்பை நான் இரண்டு முறை படித்தவன். ஒரே முறை படித்தவனுக்கு இதெல்லாம் தோன்றாது.

இப்போது ஹனோவர். அட்டை வேண்டாம், விமானத் தபால். போன ஞாயிறு முதல் கடை கடையாக, தறி தறியாக ஏறி இறங்கினேன். தறிக்குப் பாவு ஓட்டுகிற அம்மணி, சாயப்பட்டறைக்காரர்கள், பெரணமல்லூரிலிருந்து சரக்கு எடுக்க வருகிறவர்கள், வேணுகோபால் முதலாளி கூட. என்ன எழுதுவது என்று கேட்டார்கள். எதையாவது எழுதுங்கள், விலாசம் மட்டும் அச்சுப் போல இருக்கட்டும் என்றேன். முப்பத்தொரு பேர். ஒரே வாரத்தில் வந்து விழும்.

இன்னொரு யோசனையும் செய்தேன். ஒரு பெண் தனியாக இருக்கிறாள் என்று தெரிந்தால் எந்த ஊர் சர்க்காரும் ஒரு மாதிரிதான் பார்க்கும். ஆகையால் பாதியை என் பெயருக்கு எழுதச் சொல்லிவிட்டேன். 'திரு. எல்லப்பன், நிர்வாக இயக்குநர்' என்று உன் விலாசம். சிலதில் 'எல்லப்பன் குடும்பத்தார்'. வீட்டில் ஒரு ஆண்பிள்ளை, அதுவும் பெரிய மனிதர், இருக்கிறார் என்று தபால்காரருக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்த மாதிரி.

அக்கா கேட்டாள், 'நீ இங்க உக்காந்து சோறு துன்னுகினு கீற. அங்க எப்படிடா இருப்ப?'

இந்த மாதிரி விஷயம் அவளுக்குப் புரியாது.

உன் மாமா
எல்லப்பன்


ஹனோவர்
30-10-1999

மாமா,

உங்கள் கடிதங்கள் வந்துவிட்டன. முப்பத்தொன்றும் வந்துவிட்டன.

இந்த ஊரில் பெட்டியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் தபால் போடுவார்கள். பெட்டியில் லோரன்ஸ், முருகேசன் என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. எல்லப்பன் இல்லை. தபால் கொண்டுவரும் பெண் மாடியேறி வந்து லோரன்ஸ் அம்மாவிடம், 'உங்கள் வீட்டில் புதிதாக யார் குடிவந்திருக்கிறார்கள்?' என்று கேட்டிருக்கிறாள். மறுநாள் நான்கு கடிதம். அதற்கு மறுநாள் ஆறு. சிலவற்றின் மூலையில் மஞ்சள் வேறு தடவியிருந்தது. நான் கல்லூரியிலிருந்து வரும்போது லோரன்ஸ் அம்மா அவற்றையெல்லாம் சமையலறை மேஜையில் இரண்டு வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். ஒரு வரிசை எனக்கு. இன்னொரு வரிசை எல்லப்பனுக்கு. 'இந்த மனிதர் எப்போது வந்தார்? எங்கே தூங்குகிறார்? குடும்பம் என்றும் எழுதியிருக்கிறதே, எத்தனை பேர்?' என்று கேட்டார்.

யாரும் இல்லை என்றேன். என் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார், மாமா.

அவர் கெட்டவர் இல்லை. ஒரு ஆள் என்று கையெழுத்துப் போட்டவர். அந்தக் கையெழுத்து பொய்யாகிவிடுமோ என்ற பயத்தில் அவரே அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டார். இப்போது எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. டிசம்பர் 17, காலை பத்து மணிக்கு நான் போய் நிற்க வேண்டும். எல்லப்பன் என்பவர் இந்த விலாசத்தில் பதியாமல் ஒளிந்து தங்கவில்லை என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் லோரன்ஸ் அம்மா கையெழுத்தைத் திரும்பப் பெறுவார், என் பதிவு ரத்தாகும், விசா நீட்ட மாட்டார்கள். டிசம்பர் 31க்குள் நான் ஊர் திரும்ப வேண்டும். இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி இருக்கிறது.

இல்லாத ஒரு ஆளை இல்லை என்று நான் எப்படி நிரூபிப்பேன்? ஒரே வழிதான் சொன்னார்கள். அந்த ஆள் வேறு எங்கே இருக்கிறார் என்பதற்கு அரசாங்கக் காகிதம் வேண்டும்.

உங்களை ஒரு வார்த்தை கேட்கிறேன். நான் பயமாக இருக்கிறது என்று எழுதினால், 'பயப்படாதே' என்று மட்டும் எழுதியிருக்கக் கூடாதா?

இதை இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அம்மா வீட்டுக்கும் ஒன்றை உங்கள் புது வீட்டுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். எது முதலில் கிடைக்கிறதோ, அதைப் பார்த்ததும் காகிதம் அனுப்புங்கள்.

நாயகி


ஆரணி
10-11-1999

சிரஞ்சீவி தெய்வநாயகிக்கு,

கடிதம் கிடைத்தது. அக்காவுக்குப் படித்துக் காட்டவில்லை. குளிர் அதிகமாம், ஸ்வெட்டர் வாங்கியிருக்கிறாளாம் என்று சொல்லிவிட்டேன்.

முப்பத்தொரு பேர் தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து எழுதினார்கள். அதில் நாலு பேருக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும், நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். யாரும் உனக்குக் கெடுதல் நினைத்து எழுதவில்லை. அது போகட்டும். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்களா? நான் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். நான் இருந்திருந்தால் என்பதுதான் இப்போது வழக்கே என்பது எனக்குத் தெரிகிறது. சும்மா எழுதினேன்.

காகிதம் இதோடு இருக்கிறது. வேலூர் வரை போய் வக்கீலிடம் முத்திரைத்தாளில் எழுதி வாங்கியது. 'எல்லப்பன் சில்க்ஸ் உரிமையாளரும், ஆரணி கொசப்பாளையம் புது நெசவாளர் தெரு 14ஆம் எண் சொந்த வீட்டில் வசித்து வருபவருமான' என்று ஆரம்பிக்கிறது. ஆங்கிலத்தில் கேட்டால் இன்னும் கம்பீரமாக இருக்கிறது. வக்கீல் படித்துக் காட்டியபோது யாரோ ஒரு பெரிய மனிதரைப் பற்றிப் படிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இதைப் பார்த்தால் அந்த அலுவலகத்தில் வேறு பேச்சு இருக்காது. இவ்வளவு பெரிய வீட்டை விட்டுவிட்டு எவனாவது உன் அறையில் வந்து ஒளிவானா?

மாமா


ஹனோவர்
24-11-1999

அன்புள்ள மாமா,

வக்கீல் காகிதம் வந்தது. அதற்கு முந்தின நாள் இன்னொன்றும் வந்தது. உங்கள் புது வீட்டுக்கு நான் அனுப்பிய பதிவுத் தபால் திரும்பி வந்துவிட்டது. உறையின் மேல் சிவப்பு மையில், 'இத்தெருவில் 14ஆம் எண் கதவு இல்லை. விசாரித்தும் தகவல் இல்லை' என்று எழுதியிருக்கிறது.

உறையை எனக்கு முன்னால் லோரன்ஸ் அம்மா பார்த்துவிட்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. மொழிபெயர்த்துச் சொன்னேன். வக்கீல் காகிதத்தையும் அந்த உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்தக் காகிதத்தை இனி அலுவலகத்தில் கொடுக்க முடியாது.

எனக்குக் கோபம் இல்லை. போன கடிதத்தில் இருந்தது, இப்போது இல்லை. கடை இல்லாவிட்டால் இல்லை. வீடு இல்லாவிட்டால் இல்லை. அதற்காக நான் உங்களை ஒன்றும் கேட்கப் போவதில்லை.

ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன், அலுவலகத்துக்காக மட்டும் இல்லை. மாமா, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

நாயகி


ஆரணி
8-12-1999

நாயகி,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. நாலு முறை எழுதிக் கிழித்தேன். முதல் கடிதத்தில் வீடு தீப்பிடித்துவிட்டது என்று எழுதினேன். இரண்டாவதில் கதவு எண்ணை நகராட்சி மாற்றிவிட்டது. மற்ற இரண்டும் அதைவிட நன்றாக இருந்தன.

நான் வேணுகோபால் முதலாளியின் கிடங்குக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறேன். நீ விமானம் ஏறுவதற்கு முன்னாலும் அங்கேதான் இருந்தேன், பிறகும் அங்கேதான். கடையில் புடவை எடுத்துப் போட்டுக் காட்டுவதும், காட்டியதை மடித்து வைப்பதும்தான் வேலை. மடிப்பில் எனக்கு இணை இந்த ஊரில் கிடையாது. இது மட்டும் பொய் இல்லை, யாரை வேண்டுமானாலும் கேள்.

வீடும் கடையும் ஏன் எழுதினேன் என்றால், நீ போன முதல் மாதம் எழுதினாயே, 'நான் இல்லாமல் நீங்கள் இரண்டு பேரும் எப்படி இருக்கிறீர்களோ என்று படிப்பில் மனசு நிற்கவில்லை' என்று. அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்து, ஒரு கடை போட்டேன். கடை மட்டும் போதாது என்று பட்டது. அதே கடிதத்தில் வீடும் கட்ட வேண்டியதாயிற்று. இன்னும் ஒரு வருஷம் போயிருந்தால் கார் வாங்கியிருப்பேன்.

இனி காகிதம். போன வெள்ளிக்கிழமை கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். எல்லப்பன் இன்ன இடத்தில் வசிக்கிறான் என்று இருப்பிடச் சான்று வேண்டும், ஜல்தியாக வேண்டும் என்றேன். அவர் சின்ன வயசுக்காரர், பெயர் குமரேசன். தொழில் என்ன என்றார். நான் 'பட்டு வியாபாரத்தில்...' என்று ஆரம்பித்தேன்.

'நீங்க சொல்றத எழுத மாட்டேங்க. நான் வந்து பாத்துத்தான் எழுதுவேன்' என்றார்.

வந்தார். மரப்படி ஏறினார். நிலை தாழ்வு, குனியுங்கள் என்று சொல்வதற்குள் இடித்துக்கொண்டார். அறையைப் பார்த்தார். பக்கத்தில் இரண்டு பேரை விசாரித்தார். அம்மணியும் வந்து சொன்னாள். 'இவரா? கோழி கூவுறதுக்கு முன்ன எழுந்து சத்தமா பாடிகினு இருப்பாரு. வேற எங்கயும் போயி இருக்க மாட்டாருங்க. எங்களுக்குத்தான் அந்தப் பேஜார்' என்றாள். அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

அவர் எழுதியதை அப்படியே வாங்கி, தாசில்தார் அலுவலகத்தில் முத்திரை போட்டு, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, வேலூர் கூரியரில் இதோடு அனுப்பியிருக்கிறேன். 'புடவை மடிக்கும் கூலித் தொழிலாளி. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கிடங்கு மாடியில் ஒற்றை அறையில் தனியாக வசித்து வருகிறார். சொந்த வீடு இல்லை. ஊரை விட்டு வெளியே சென்றதாகத் தகவல் இல்லை.' நாலு வரிதான். நான் ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை. சேர்க்க இடமும் இல்லை, முத்திரை நெருக்கமாகப் போட்டுவிட்டார்கள்.

அந்த வீட்டுக்கார அம்மாவிடம் காட்டு. அலுவலகத்தில் காட்டு. யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. உன் படிப்பு நின்றுவிடக் கூடாது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ராத்திரி சோறு போடும்போது, 'அடுத்த கடுதாசில நான் சொல்றத மட்டும் எழுதுடா' என்றாள். அவள் சொன்னது: நாயகி, கண்ணு, பயப்படாத. அவ்வளவுதான் சொன்னாள்.

மாமா


ஹனோவர்
18-12-1999

அன்புள்ள மாமா,

சான்று புதன்கிழமை வந்தது. முதலில் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பதிவு ரத்தாகவில்லை. விசா ஒரு வருஷம் நீட்டியாகிவிட்டது. அம்மாவிடம் இப்போதே சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நேற்றுக் காலை நானும் லோரன்ஸ் அம்மாவும் ஒரே டிராமில்தான் போனோம். அலுவலர் உங்கள் சான்றைப் படித்தார். முத்திரையைப் பார்த்தார். புடவை என்றால் என்ன என்று கேட்டார். ஐந்தரை மீட்டர் துணி என்றேன். அதை மடிப்பது ஒரு தொழிலா என்றார். நீங்கள் ஒரு நாள் மடித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. உங்கள் ரத்தம்தான்.

பிறகு அவர் கேட்டார், 'இவர் ஆரணியில் இருக்கிறார், சரி. அப்படியானால் இவர் பெயருக்கு ஏன் இங்கே கடிதம் வருகிறது?'

எண்பத்து நாலில் நடந்த ரேஷன் கார்டு கதையைச் சொன்னேன். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்பதற்குத் தபால்தான் சாட்சி, ஆகையால் நான் இங்கே இருப்பதை நிரூபிக்கத்தான் எழுதினார்கள் என்றேன். அவர் பெயர் எதற்கு என்றார். நான் தனியாக இருக்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக என்றேன். அலுவலர் சிரிக்கவில்லை. பதிவேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். லோரன்ஸ் அம்மா பையிலிருந்து பேனாவை எடுத்து, என் கையெழுத்து நிற்கட்டும் என்று சொல்லி இன்னொரு முறையும் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கடிதங்களைப் பிரித்துப் படித்துக் காட்டு என்றார். நான் அதுவரை ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை, மாமா. கோபம்.

சமையலறையில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டே படித்தேன். அம்மணி அக்கா வீட்டில் ஆடு குட்டி போட்டதை எழுதியிருக்கிறார். சாயப்பட்டறைக்காரர் ஒருவர், 'எல்லப்பன் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன், வேறு விசேஷம் இல்லை' என்று ஒரே வரி. வேணுகோபால் முதலாளி உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். வாய் அதிகம், ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு புடவையில் அழுக்குப் பட விட்டதில்லை என்று. லோரன்ஸ் அம்மா அதை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். பிறகு, 'எனக்கு இந்த விலாசத்துக்கு மின்சாரக் கட்டணம் வரும். அதைத் தவிர ஒரு கடிதம் வந்து பதினோரு வருஷம் இருக்கும்' என்றார். எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

இன்று காலை எனக்கு முன்னாலேயே கிளம்பி அலுவலகம் போய் ஒரு படிவம் வாங்கி வந்திருக்கிறார். இதோடு வைத்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து விருந்தாளியை வரவழைக்கிறவர் நிரப்பும் படிவம். வரவழைப்பவர் இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். விருந்தாளி பெயர் இடத்தில் எல்லப்பன் என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார், ஒரு 'ல்' விட்டுவிட்டார், நான் திருத்தவில்லை. வராண்டா மாதிரி இருக்கும் சின்ன அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறார். 'இந்த ஆள் என் வீட்டில் இருக்கிறார் என்று இத்தனை பேர் எழுதிவிட்டார்கள். ஒரு முறையாவது வந்து இருக்கட்டும்' என்கிறார்.

மீதி விவரங்களை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

உங்கள்
நாயகி


ஆரணி
6-1-2000

நாயகிக் கண்ணுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு படித்தேன். கூட்டாமல் குறைக்காமல் படித்தேன். படித்து முடித்ததும், இன்றைக்கு எல்லாவற்றையும் தீர்த்துவிடுவது என்று எழுந்து நின்று, 'ஒரு விஷயம். ஜெர்மனில நாயகிக்கு இருக்கிறது மாடி வீடு இல்ல. தோட்டமும் கிடையாது. ஒத்த ரூம்தான்' என்றேன்.

ஒருத்தரும் அசையவில்லை. அம்மணி மட்டும், 'தெரியுமே. நாங்கதான விலாசம் எழுதினோம். மூணாவது மாடி, லோரன்ஸ் வீடுன்னு நீயே எழுதிக் குடுத்திருந்த' என்றாள். முதலாளி, 'உக்காருய்யா, அந்தம்மா அடுப்பத் தொடச்சதத் திரும்பப் படி' என்றார். எவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு உண்மையைச் சொன்னேன். இந்த ஊரில் அதற்கு மதிப்பில்லை.

நீ ஊரைப் பற்றிக் கவலைப்படக் கூடாது என்று உனக்கு ஆரணியைப் பெரிதாக்கி எழுதினேன். ஊர் உன்னைப் பற்றிக் கவலைப்படக் கூடாது என்று இங்கே ஜெர்மனியைப் பெரிதாக்கிச் சொன்னேன். இரண்டு பக்கமும் ஒருத்தரும் அதை நம்பிக்கொண்டிருக்கவில்லை போலிருக்கிறது. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறீர்கள்.

பாஸ்போர்ட்டுக்கு மனு கொடுத்தாயிற்று. போட்டோவுக்கு முதலாளி தன் சட்டையைக் கொடுத்தார். விலாசத்துக்கு என்ன சான்று என்று கேட்டார்கள், குமரேசன் கொடுத்த காகிதத்தின் நகலை நீட்டினேன். எனக்கு அவ்வளவு வேகமாக ஒரு வேலை நடந்ததே இல்லை.

படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதியிருக்கிறேன், நீ அவர்கள் பாஷையில் போட்டுக்கொள். தொழில்: புடவை மடிப்பது. சொந்த வீடு: இல்லை. விருந்தாளிக்கும் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு இரண்டு நாள் யோசித்தேன். தாய்மாமன் என்று எழுதினேன். அந்த அம்மாவுக்கு நான் என்ன உறவு என்பதற்கு அங்கே இடம் விடவில்லை.

அக்காவுக்குத்தான் ஒரு கவலை. 'ஏரோப்ளேன்ல பக்கத்துல உக்கார்றவங்க கிட்ட வாய மூடிகினு போவானா?' என்று முதலாளியிடம் கேட்டாளாம். போவேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். சென்னையிலிருந்து கிளம்புகிற வரைக்கும்தான் அந்தச் சத்தியம்.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். 'எத்தனை நாள் தங்குவார்?' என்று கேட்டிருக்கிறார்கள். அதை நீயும் அந்த அம்மாவும் உட்கார்ந்து பேசி ஒரு எண் போடுங்கள். நான் போட்டால் கூட்டித்தான் போடுவேன்.

மாமா